கேட்காமல் விட்ட கேள்வி

தமிழ் சினிமாவில் பப்ளிக் பிராசிக்யூட்டர் என்று ஒரு ஜீவன் வரும். கறுப்பு கோட்டு, தலையில் கொஞ்சம் நரை, குரலில் நிறைய காரம். கூண்டில் நிற்கும் ஹீரோவை நோக்கி விரலை நீட்டி, "இந்தக் கொடியவனுக்கு அதிகபட்ச தண்டனை வழங்குமாறு கேட்டுக்கொள்கிறேன், தட்ஸ் ஆல் யுவர் ஆனர்" என்று உட்கார்ந்துவிடும். அப்புறம் ஹீரோயின் எழுந்து (அவரும் வக்கீல்தான், அன்றைக்குத்தான் முதல் கேஸ்) மூன்றே கேள்வியில் கேஸை உடைப்பார். கடைசி நிமிஷத்தில் கதவைத் திறந்துகொண்டு ஒரு சாட்சி மூச்சிரைக்க ஓடிவரும். சுபம்.

நிஜக் கோர்ட்டில் இது எதுவும் நடப்பதில்லை. கதவு எப்போதும் திறந்தே இருக்கிறது. யாரும் விரலை நீட்டுவதில்லை. ஃபேன் காற்றில் கேஸ் கட்டு பறக்காமல் பிடித்துக்கொள்ள அந்த விரல் வேண்டியிருக்கிறது. ஓடிவரும் சாட்சி கிடையாது. வராத சாட்சிதான் அதிகம்.

ஆனால் சினிமா செய்த பெரிய தப்பு இதெல்லாம் இல்லை. அந்த மனிதர் யாருடைய வக்கீல் என்பதை நமக்குத் தப்பாகச் சொல்லிக் கொடுத்துவிட்டது.

ஒரு சின்னப் பரீட்சை. உங்கள் தெருவில் ஒருத்தர் இன்னொருத்தரைக் கத்தியால் குத்திவிட்டார். கேஸ் நடக்கிறது. அரசுத் தரப்பு வக்கீல் யாருக்காக ஆஜராகிறார்? எங்கள் ஆபீஸ் கேன்டீனில் கேட்டுப் பார்த்தேன். "குத்துப்பட்டவருக்கு" என்றார் அக்கவுன்ட்ஸ் செக்‌ஷன் தம்பி. "போலீஸுக்கு" என்றார் டெஸ்பாட்ச் கிளார்க். "ஆளுங்கட்சிக்கு" என்றார், ரிடையராக ஆறு மாசம் பாக்கியிருக்கும் சூப்பரின்டெண்ட். அனுபவஸ்தர்.

மூன்று பதிலுக்கும் சட்டத்தில் ஜீரோ மார்க். (மூன்றாவது பதிலுக்கு நடைமுறையில் கொஞ்சம் மார்க் உண்டு. அப்புறம் வருகிறேன்.)

*

சொத்துத் தகராறு என்றால் நீங்கள் ஒரு வக்கீல் வைப்பீர்கள், நான் ஒரு வக்கீல் வைப்பேன். பத்து வருஷம் கழித்து இருவரும் களைத்துப்போய் சமாதானமாகிவிடலாம். கொலைக் கேஸ் அப்படியில்லை. செத்தவரின் குடும்பமே "போகட்டும், விட்ருங்க" என்றாலும் கேஸ் நிற்காது. காரணம், குற்றம் அந்த ஒருவருக்கு மட்டும் இழைக்கப்பட்டதில்லை. ஊருக்கு இழைக்கப்பட்டது. அதாவது உங்களுக்கும் எனக்கும். அதனால்தான் கேஸை ஊர் சார்பில் அரசு நடத்துகிறது.

செஷன்ஸ் கோர்ட்டில் கேஸை பப்ளிக் பிராசிக்யூட்டர்தான் நடத்த வேண்டும் என்று சட்டமே சொல்கிறது. பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 225-ம் பிரிவு. 2024 ஜூலை 1 முதல் அமலில் இருக்கும் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் 248-ம் பிரிவு. (இந்தப் பெயரைத் தடுக்காமல் மூன்று தடவை சொல்பவருக்கு ஒரு காபி.) பாதிக்கப்பட்டவர் சொந்தச் செலவில் ஒரு வக்கீலை வைத்துக்கொள்ளலாம். ஆனால் அவர் பக்கத்து ஸீட்டில் உட்கார்ந்து வழி சொல்லலாமே தவிர, ஸ்டீரிங்கைப் பிடிக்க முடியாது.

ஏன் இத்தனை கண்டிப்பு? 1999-ல் சுப்ரீம் கோர்ட் ஒரு தீர்ப்பில் இதற்கு விளக்கம் சொல்லியிருக்கிறது. பீஸ் வாங்கிக்கொண்டு வரும் வக்கீல் ஜெயிக்கத்தான் வருவார். "அவனை உள்ளே தள்ளணும்" என்று நீங்கள் சொன்னால் தள்ளத்தான் பார்ப்பார். அரசு வக்கீலுக்கு அந்தத் தாகம் கூடாது. உண்மை எப்படியிருந்தாலும் சரி, தண்டனை வாங்கியே தீருவேன் என்று அவர் கிளம்பக் கூடாது. குற்றம் சாட்டப்பட்டவருக்குச் சாதகமாக ஏதாவது இருந்தால் அதை மறைக்கக் கூடாது என்பது மட்டுமல்ல, எதிர்த்தரப்பு வக்கீல் கவனிக்காமல் விட்டிருந்தால் இவரே எடுத்துக் கோர்ட் முன்னால் வைக்க வேண்டும்.

அதாவது கிரிக்கெட்டில் நீங்கள் பௌலர். பேட்ஸ்மேன் அவுட் இல்லை என்பது உங்களுக்குத் தெரியும். அம்பயருக்குத் தெரியவில்லை. நீங்களே போய்ச் சொல்ல வேண்டும். உலகத்தில் வேறு எந்த உத்தியோகத்திலும் இப்படி ஒரு நிபந்தனை இருப்பதாகத் தெரியவில்லை.

இதில் ஒரு வேடிக்கை. நம்மூர்க் கோர்ட் தமிழில் குற்றம் சாட்டப்பட்டவருக்குப் பெயர் 'எதிரி'. முதலாம் எதிரி, இரண்டாம் எதிரி என்றுதான் தீர்ப்பிலேயே வரும். யாரை எதிரியாக நினைக்கக் கூடாதோ, அவருக்கே 'எதிரி' என்று பெயர் வைத்து, தினம் நூறு தடவை அந்தப் பெயரைச் சொல்ல வைத்து, "நடுநிலைமையோடு இருங்கள்" என்றால் பாவம், மனுஷன் என்ன செய்வார்?

*

எனக்குத் தெரிந்த ஒருவர் மாவட்டத் தலைநகர் ஒன்றில் ஏ.பி.பி.யாக, அதாவது அஸிஸ்டென்ட் பப்ளிக் பிராசிக்யூட்டராக, மாஜிஸ்திரேட் கோர்ட்டில் பல வருஷம் இருந்து ரிடையரானவர். அதிகம் பேச மாட்டார். இரண்டாவது காபிக்கு அப்புறம் பேசுவார்.

"உங்க சர்வீஸ்ல மறக்க முடியாத கேஸ் எது ஸார்?" என்றேன். கொலை, கொள்ளை, வங்கி மோசடி என்று ஏதாவது வரும் என்று பேனாவைத் திறந்து வைத்திருந்தேன்.

"ஒரு அடிதடி கேஸ்" என்றார். "வரப்புத் தகராறு. ராத்திரி ஒருத்தருக்குக் கை உடைஞ்சிருக்கு. எஃப்.ஐ.ஆர்.ல பக்கத்து நிலத்துக்காரர் பேர் தெளிவா இருக்கு. சாட்சி ரெண்டு பேரும் ஸ்ட்ராங். இன்ஸ்பெக்டர் ரொம்ப உற்சாகமா இருந்தார். நான் முந்தின நாள் ராத்திரி கட்டைப் பிரிச்சுப் படிக்கிறேன். ஆஸ்பத்திரியில டாக்டர் எழுதுற ஆக்ஸிடெண்ட் ரிஜிஸ்டர் இருக்கு பாருங்க, அதோட காப்பி. அடிபட்டு அரை மணி நேரத்துல போயிருக்கார். 'யார் அடிச்சது'ன்னு டாக்டர் கேட்டு எழுதியிருக்கார். 'அடையாளம் தெரியாத ரெண்டு பேர்'."

"அட!"

"எஃப்.ஐ.ஆர். மறுநாள் மத்தியானம். அதுக்குள்ள அடையாளம் தெரிஞ்சிடுச்சு."

"எதிர்த்தரப்பு வக்கீல் பிடிச்சிருப்பாரே?"

"அவர் ஜூனியர் பையன். பார்க்கலை. நான் டாக்டரைக் கூண்டுல ஏத்தினப்ப அந்தக் காகிதத்தை மார்க் பண்ணி, அந்த வரியை வாய்விட்டுப் படிக்கச் சொன்னேன். கேஸ் முடிஞ்சது. சந்தேகத்தின் பலன் எதிரிக்கு. இன்ஸ்பெக்டர் வராண்டாவுல நிறுத்தி, 'என்ன ஸார், நீங்க யார் பக்கம்?'னார்."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"கட்டு பக்கம்யான்னேன். அதுக்கப்புறம் ஆறு மாசம் அவர் எனக்குச் சல்யூட் அடிக்கலை."

இதை எந்தப் பெருமையும் இல்லாமல், சர்க்கரை கொஞ்சம் கம்மி என்கிற குரலில் சொன்னார். அந்த ஒரு வரியைத் தாண்டி அவர் பக்கத்தைப் புரட்டியிருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது. ஒரு விவசாயி உள்ளே போயிருப்பார். அவ்வளவுதான்.

*

கொஞ்சம் டெக்னிக்கல். கொட்டாவி வந்தால் அடக்கிக்கொள்ளவும்.

குற்றத்தை நிரூபிக்கும் முழுச் சுமையும் அரசுத் தரப்புக்குத்தான். 'எதிரி' எதையும் நிரூபிக்க வேண்டியதில்லை. வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருக்கலாம். அரசியல் சட்டத்தின் 20-ம் பிரிவு அந்த உரிமையைக் கொடுத்திருக்கிறது. அரசுத் தரப்பு நியாயமான சந்தேகத்துக்கு இடமில்லாமல் நிரூபிக்க வேண்டும்.

அதற்காகச் சாட்சிகளை வரிசையாக ஏற்றுவார்கள். அவர்களுக்கு அ.சா.1, அ.சா.2 என்று நம்பர். அரசுத் தரப்பு சாட்சி என்பதன் சுருக்கம். ரத்தக்கறை லுங்கி, கத்தி இத்யாதிகள் சா.பொ.1, சா.பொ.2. சான்றுப் பொருள். முதல் விசாரணையில் பி.பி. தன் சாட்சியிடம், பதிலைக் கேள்விக்குள்ளேயே ஒளித்து வைத்துக் கேட்கக் கூடாது. "குத்தியது இவர்தானே?" என்றால் எதிர்த்தரப்பு எழுந்து நின்றுவிடும். "என்ன பார்த்தீர்கள்?" என்றுதான் கேட்க வேண்டும். அந்த வசதி குறுக்கு விசாரணை செய்பவருக்கு மட்டும்.

சரி, கூண்டில் ஏறிய சாட்சி, "நான் எதையும் பார்க்கலீங்க, அன்னிக்கு நான் மாமியார் வீட்ல இருந்தேன்" என்று கவிழ்த்தால்? இவர்தான் பிறழ் சாட்சி. பேப்பரில் தினம் படிக்கிறீர்கள். அப்போது பி.பி. எழுந்து, "இவரை நானே குறுக்கு விசாரணை செய்ய அனுமதி வேண்டும்" என்று ஜட்ஜிடம் கேட்க வேண்டும். அனுமதி கிடைத்ததும், "போலீஸிடம் இப்படிச் சொன்னீர்களா, இல்லையா? நேற்று உங்களை யார் வந்து பார்த்தார்கள்?" என்று துருவலாம். பிறழ்ந்துவிட்டதால் சாட்சி சொன்னது முழுவதும் குப்பைக்குப் போவதில்லை. நம்பக்கூடிய பகுதியை ஜட்ஜ் எடுத்துக்கொள்ளலாம். ஆனால் அதற்கு யாராவது கேள்வி கேட்டிருக்க வேண்டும்.

இங்கேதான் விஷயம் இருக்கிறது. ஒரு கிரிமினல் கேஸைக் கொல்ல அரசு வக்கீல் லஞ்சம் வாங்கி, காகிதத்தைக் கிழித்து, சினிமா வில்லன் மாதிரி சிரிக்கவெல்லாம் வேண்டாம். அந்த இடத்தில் எழுந்திருக்காமல் இருந்தால் போதும். "நோ கொஸ்டின்ஸ்" என்று இரண்டே வார்த்தை. அதில் சட்டவிரோதம் எதுவும் இல்லை. ரெக்கார்டிலும் எதுவும் இருக்காது. கேட்காத கேள்வியை எந்த டைப்பிஸ்ட்டும் டைப் அடிப்பதில்லை.

*

மிகையாகச் சொல்கிறேன் என்று நினைப்பவர்களுக்கு, நமக்கெல்லாம் தெரிந்த ஒரு வழக்கு. ஜெயலலிதா மீதான சொத்துக்குவிப்பு வழக்கு. 1997-ல் சென்னைத் தனி நீதிமன்றத்தில் தொடங்கியது. 2000 ஆகஸ்ட்டுக்குள் 250 அரசுத் தரப்பு சாட்சிகள் விசாரிக்கப்பட்டுவிட்டார்கள். 2001 மே மாதம் ஆட்சி மாறியது. குற்றம் சாட்டப்பட்டவரே முதலமைச்சர். அரசு வக்கீலும் மாறினார்.

அப்புறம் 76 சாட்சிகளைத் திரும்பக் கூப்பிட்டார்கள். அரசு வக்கீல் ஆட்சேபிக்கவில்லை. அவர்களில் 64 பேர் முன்பு சொன்னதிலிருந்து பின்வாங்கினார்கள். அரசு வக்கீல் அவர்களைப் பிறழ் சாட்சி என்று அறிவிக்கச் சொல்லவில்லை. குறுக்கு விசாரணை செய்யவில்லை. அறுபத்து நாலு பேர், ஸார்! ஒருத்தரிடமாவது "ஏம்ப்பா, அன்னிக்கு வேற மாதிரி சொன்னியே?" என்று கேட்க வேண்டாமா? நம் வீட்டில் கறிகாய்க்காரர் நேற்று சொன்ன விலையை இன்று மாற்றினால்கூட நாம் கேட்போம்.

தி.மு.க.வின் க.அன்பழகன் சுப்ரீம் கோர்ட்டுக்குப் போனார். 2003 நவம்பர் 18 அன்று வழக்கு கர்நாடகாவுக்கு மாற்றப்பட்டது. நீதிபதிகள் முக்கியமாகச் சுட்டிக்காட்டியது இந்த மௌனத்தைத்தான். இப்படி நடந்தால் நீதி கிடைக்காது என்று பயப்பட நியாயம் இருக்கிறது என்றார்கள். அரசு வக்கீலைக் கர்நாடக அரசு, அந்த ஹைகோர்ட் தலைமை நீதிபதியைக் கலந்துகொண்டு நியமிக்க வேண்டும் என்றும் உத்தரவிட்டார்கள். 2014-ல் தண்டனை, 2015-ல் கர்நாடக ஹைகோர்ட்டில் விடுதலை, 2017 பிப்ரவரியில் சுப்ரீம் கோர்ட்டில் மறுபடி தண்டனை என்று அது போன பாதை உங்களுக்குத் தெரியும். 2016 டிசம்பரில் ஜெயலலிதா மறைந்துவிட்டதால் அவர் மீதான மேல்முறையீடு அத்தோடு முடிந்தது; மற்ற மூன்று பேர் சிறைக்குப் போனார்கள். இடையில் 2015 ஏப்ரலில், ஹைகோர்ட் அப்பீலுக்கு அரசு வக்கீலை நியமிக்கத் தமிழ்நாட்டுக்கு அதிகாரமே கிடையாது என்று சுப்ரீம் கோர்ட் இன்னொரு தீர்ப்பு சொல்ல வேண்டி வந்தது.

யார் குற்றவாளி என்பது ஒரு கேள்வி. யார் கேள்வி கேட்பது என்பது அதற்கு முந்தைய கேள்வி. அதற்கே சுப்ரீம் கோர்ட் வரை போக வேண்டியிருக்கிறது.

ஜட்ஜ் கேட்கக் கூடாதா என்றால், கேட்கலாம். எந்தக் கேள்வியும் கேட்கும் அதிகாரம் அவருக்கு உண்டு. குஜராத் பெஸ்ட் பேக்கரி வழக்கில் 2004-ல் சுப்ரீம் கோர்ட், சாட்சிகள் சொல்வதைப் பதிவு செய்கிற டேப் ரிக்கார்டராக நீதிமன்றங்கள் இருக்கக் கூடாது என்று சொல்லி, மகாராஷ்டிராவில் மறுவிசாரணைக்கு உத்தரவிட்டது. ஆனால் ஜட்ஜுக்குத் தெரிந்தது, அவர் முன்னால் வைக்கப்பட்டது மட்டும்தான். கட்டைப் படித்துவிட்டு வந்தவர் பி.பி.

*

கேட்காமல் இருப்பது ஒன்று. கேஸே வேண்டாம் என்பது இன்னொன்று. அரசு வக்கீலுக்கு அந்த அதிகாரமும் உண்டு. கோர்ட் சம்மதித்தால் வழக்கை வாபஸ் வாங்கலாம்.

2000 ஜூலை 30. கன்னட நடிகர் ராஜ்குமாரை தொட்டகாஜனூர் பண்ணை வீட்டிலிருந்து வீரப்பன் கடத்திக்கொண்டு போனான். அவன் வைத்த கோரிக்கைகளில் ஒன்று, தடா சட்டத்தில் உள்ளே இருந்தவர்களை விட வேண்டும் என்பது. இரண்டு மாநில அரசுகளும் கையைப் பிசைந்தன. பெங்களூருவில் கலவர பயம். மைசூர் கோர்ட்டில் அரசு வக்கீல் எழுந்து, தடா குற்றச்சாட்டுகளை வாபஸ் வாங்குகிறோம் என்றார். கோர்ட்டும் சரி என்றது.

சரியில்லை என்று சொன்னவர் ஒரு தகப்பனார். வீரப்பன் கும்பலால் கொல்லப்பட்ட ஒரு போலீஸ் சப்-இன்ஸ்பெக்டரின் அப்பா. சுப்ரீம் கோர்ட்டுக்குப் போனார். நவம்பர் 7 அன்று கோர்ட் வாபஸை ரத்து செய்தது. வாபஸ் வாங்கும் முடிவு அரசு வக்கீலுடையதாக இருக்க வேண்டும். எல்லா விவரங்களையும் அவரே சொந்த மூளையால் பரிசீலித்து, பொதுநலனுக்கு நல்லது என்று நேர்மையாக முடிவுக்கு வந்தாரா என்று கோர்ட் பார்க்க வேண்டும். இங்கே அப்படி எதுவும் நடக்கவில்லை என்பது தீர்ப்பின் சாரம். அதற்கு முன்பே 1994-ல் இன்னொரு தடா வழக்கில், பி.பி. என்பவர் வந்ததை அனுப்பும் தபால் ஆபீஸ் அல்ல என்று சொல்லியிருந்தார்கள்.

ராஜ்குமார் 108 நாள் கழித்து நவம்பர் 15 அன்று பத்திரமாகத் திரும்பினார் என்பது வேறு கதை. அந்தத் தகப்பனார் போகாமலிருந்தால், தன் மகனைக் கொன்ற வழக்கில் அவரை யாரும் ஒரு வார்த்தை கேட்டிருக்க மாட்டார்கள். புதிய சட்டம் இதைக் கவனித்திருக்கிறது. இனி பாதிக்கப்பட்டவரைக் கேட்காமல் எந்தக் கோர்ட்டும் வாபஸுக்குச் சம்மதிக்கக் கூடாது.

*

அரசு வக்கீலையே திட்டிக்கொண்டிருந்தால் நியாயமில்லை. அவர் கதையையும் கேளுங்கள்.

புலன் விசாரணை போலீஸ் வேலை. அதில் அவர் மூக்கை நுழைக்க முடியாது. குற்றப்பத்திரிகை போடுவதற்கு பி.பி.யின் அபிப்பிராயத்தைக் கேள் என்று போலீஸை வற்புறுத்தக்கூட முடியாது என்று 2000-ல் ஒரு தமிழ்நாட்டு வழக்கிலேயே சுப்ரீம் கோர்ட் சொல்லிவிட்டது. போலீஸ் வாங்கி வந்த காய்கறியில்தான் அவர் சமைக்க வேண்டும். கத்தரிக்காய் சொத்தை என்றால் சாம்பார் எப்படி இருக்கும்?

பிரித்து வைத்ததில் நியாயம் இருக்கிறது. ஒரு காலத்தில் மாஜிஸ்திரேட் கோர்ட்டுகளில் போலீஸ் அதிகாரிகளே கேஸ் நடத்திக்கொண்டிருந்தார்கள். பிடித்தவரே வாதாடினால் 'ஒருவேளை தப்பான ஆளோ' என்ற சந்தேகம் அவருக்கு எப்படி வரும்? 1973-ம் வருஷச் சட்டம் அதை நிறுத்தியது. போலீஸிடமிருந்து விடுதலை கிடைத்தது. நியமனம் இன்னும் அரசிடம்தான் இருக்கிறது. கலெக்டரும் செஷன்ஸ் ஜட்ஜும் கலந்து பெயர்ப்பட்டியல் தயாரிக்க வேண்டும், ஏழு வருஷமாவது வக்கீலாக இருந்திருக்க வேண்டும் என்றெல்லாம் மத்தியச் சட்டத்தில் இருக்கிறது. ஆனால் ஆட்சி மாறினால் கோர்ட் வாசலில் அரசு வக்கீல்களின் பெயர்ப்பலகைகளும் மாறுகின்றன. எங்கள் சூப்பரின்டெண்ட்டுக்குக் கொடுத்த மார்க் அதற்குத்தான்.

கடைசியாக நம் கதை. நாமும் ஒரு நாள் அ.சா.3 ஆகலாம். பஸ் ஸ்டாண்டில் எதையாவது பார்த்துத் தொலைத்திருப்போம். வருஷக்கணக்கில் கழித்து சம்மன் வரும். "எதுக்குய்யா வம்பு" என்று தோன்றும். அந்த நேரத்தில் நாம் கவிழ்ந்தால், எவ்வளவு நல்ல பி.பி.யாலும் ஒன்றும் செய்ய முடியாது. கேள்வியை அவர் கேட்கலாம். பதில் நம்மிடம் அல்லவா இருக்கிறது?

ஆகவே சம்மன் வந்தால் போங்கள். பார்த்ததைச் சொல்லுங்கள், பார்க்காததைப் பார்க்கவில்லை என்று சொல்லுங்கள். யார் எந்தப் பக்கம் என்ற கவலை உங்களுக்கு வேண்டாம். கோர்ட்டில் ஆஜரானதற்கு சர்ட்டிபிகேட் கேட்டால் கொடுப்பார்கள். லீவ் லெட்டரோடு இணைத்துவிடலாம். மேனேஜர் நம்ப மாட்டார். அவரிடம் நியாயமான சந்தேகத்துக்கு இடமில்லாமல் நிரூபிக்கும் சுமை மட்டும் உங்களுடையது.